மேல்வீட்டுக்காரர் எடை குறைத்த கதை

கிரேன் ஆப்பரேட்டருக்கு மேல்வீட்டுக்காரர் என்று பட்டம் கட்டியது கீழ்வீட்டுக்காரர்தான். இவர் மட்டும் சும்மா இருப்பாரா? பதிலுக்கு அவரைக் கீழ்வீட்டுக்காரர் ஆக்கிவிட்டார். ஒருவர் வானத்தில் தொங்கும் கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்து கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளைத் தூக்குவார். மற்றவர் கரையில் நின்றுகொண்டு வாக்கி டாக்கியில், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான், வை" என்று வழிசொல்வார். பெண்டாட்டி முகத்தைப் பார்த்த நேரத்தைவிட இந்த இரண்டு பேரும் ஒருவர் குரலை ஒருவர் கேட்ட நேரம்தான் அதிகம்.

இருவரும் ஓய்வு பெற்றாயிற்று, இப்போது வேலையும் இல்லை, வாக்கி டாக்கியும் இல்லை. சாயங்காலமானால் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் வந்து உட்கார்ந்து கிரேன்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேல்வீட்டுக்காரருக்கு இன்னும் அந்தக் கேபின் மேல் ஆசை போகவில்லை. காலுக்குக் கீழே கண்ணாடித் தரை, அதற்குக் கீழே கப்பலின் வயிறு. காலையில் முதல் வெயில் ஊரில் வேறு யார் மீதும் படுவதற்கு முன்னால் தன் முழங்காலில்தான் விழும் என்று அவர் சொல்வார். கீழ்வீட்டுக்காரர் உடனே, "ஆமா, கீழே எங்களுக்கெல்லாம் இருட்டுதான்" என்று சீண்டுவார்.

மேல்வீட்டுக்காரரின் மனைவிக்கு அந்த நாளில் அதே படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலை. அவள் உட்கார்ந்திருந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் தூரத்தில் அவருடைய கேபின் சோப்புக்கட்டி அளவில் தெரியும். கல்யாணமான புதிதில், அது நகர்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்து வசவு வாங்கியிருக்கிறாள். அப்புறம் பழகிவிட்டது. பழகிவிட்டது என்று அவள்தான் சொன்னாள், பார்ப்பதை நிறுத்தியதாகத் தெரியவில்லை.

மனிதர் தங்கமானவர், ஆனால் ஒரு கோளாறு உண்டு. அவருக்கு எதுவும் முழுசாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேண்டவே வேண்டாம். சட்டையில் ஒரு பட்டன் போனால் அந்தச் சட்டையை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவார். ஒருதரம் வீட்டுக்கு அவரே வர்ணம் அடித்தார். ஒரு மூலையில் லேசாக வழிந்துவிட்டது. சுவர் முழுவதையும் சுரண்டித் தள்ளினார். மறுபடியும் வழிந்தது. அந்த அறை அப்புறம் ரொம்ப நாள் சுரண்டின கோலத்திலேயே கிடந்தது. அவருக்குத் தெரிந்த ஆகப் பெரிய கெட்ட வார்த்தை 'அரைகுறை' என்பதுதான்.

தொழில் அப்படி அவரைப் பழக்கியது என்றும் சொல்லலாம். பெட்டிக்கு நான்கு மூலையிலும் துளை இருக்கும், லாரியில் நான்கு கொக்கி இருக்கும். நான்கும் உட்கார்ந்தால் உட்கார்ந்தது. மூன்று உட்கார்ந்துவிட்டது, பரவாயில்லை என்று அங்கே யாரும் லாரியை நகர்த்த மாட்டார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் இந்தக் குணம் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டது. நாள் பூராவும் உட்கார்ந்தே செய்யும் வேலை. நடுவயது தாண்டியதும் உடம்பு பெருக்க ஆரம்பித்தது. முதலில் பெல்ட்டில் புது ஓட்டை, அப்புறம் புது பெல்ட், அப்புறம் பெல்ட்டே வேண்டாம். கீழ்வீட்டுக்காரர், "மேல்வீட்டுல பாரம் ஏறிக்கிட்டே போகுதே, கீழே நிக்கவே பயமா இருக்குய்யா" என்பார்.

கங்கணம் கட்டிக்கொண்டு எடை குறைக்க இறங்குவார். எப்போதும் திங்கட்கிழமைதான். அன்று காலையில் வீட்டில் உள்ள சர்க்கரை, ரொட்டி, பிஸ்கட் எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அவருக்கு வேகவைத்த காய் என்றால் வீட்டுக்கே வேகவைத்த காய். "உடம்பு உங்களுக்குப் போடுது, தண்டனை எனக்கா?" என்று மனைவி மூக்கால் அழுவாள். அவர் காதில் விழாது. ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம், பல்லைக் கடித்துக்கொண்டு அப்படி ஒரு கறாராக இருப்பார். அப்புறம் எங்கேயோ யாரோ ஒரு பிஸ்கட்டை நீட்டுவார்கள். மறந்துபோய் வாயில் போட்டுவிடுவார். அவ்வளவுதான், கதை முடிந்தது.

ஒரு பிஸ்கட் ஒரு மனிதனை என்ன செய்துவிடும் என்று நீங்களும் நானும் கேட்கலாம். அவர் கேட்க மாட்டார். "போச்சு, எல்லாம் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார். போனதுதான் போயிற்று, ஒரு கை பார்த்துவிடலாம் என்று மிச்சப் பாக்கெட்டையும் காலி செய்வார். வரும் வழியில் பேக்கரிக்குள் நுழைந்து கேக், பன், பொரித்த கோழி என்று வெளுத்துக்கட்டுவார். இதில் ருசி கிடையாது. யார் மேலோ கோபித்துக்கொண்டு சாப்பிடுகிற மாதிரி இருக்கும் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை வரும்வரை அதே ஆட்டம்தான், அந்தத் திங்கட்கிழமை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் இறங்கியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஏறிவிடும்.

ஒரு வருஷம் வேலையிடத்து மருத்துவப் பரிசோதனையில் டாக்டரம்மா அவரை எடை மெஷினில் நிற்கவைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கேபினில் தீப்பிடித்தாலோ லிஃப்ட் நின்றுபோனாலோ ஆப்பரேட்டர் கயிற்றில் இறங்குவதற்கு ஒரு பெல்ட் உண்டு. இவ்வளவு எடைவரைதான் தாங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும். மேல்வீட்டுக்காரர் அந்த அளவைத் தாண்டிவிட்டார்.

"ஆறு மாசம் டைம் தர்றேன். அதுக்குள்ள இறங்கிட்டா மேலேயே இருக்கலாம். இல்லைன்னா உங்களைக் கீழே மாத்தறதைத் தவிர வேற வழியில்லை" என்றார் டாக்டரம்மா.

கீழே என்றால் ஸ்டோர் ரூம். கையுறையும் தலைக்கவசமும் எடுத்துக்கொடுக்கிற வேலை. ஜன்னல்கூடக் கிடையாது.  வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டுத் தானாகத் தேடிக்கொண்டது இரண்டுதான், ஒன்று அந்தக் கேபின், இன்னொன்று டிக்கெட் ஜன்னலில் இருந்தவள். அதில் ஒன்று கைவிட்டுப் போகப்பார்த்தது.

இந்தத் தடவை தீவிரம் என்றால் அப்படி ஒரு தீவிரம். எண்ணெய் கிடையாது, இனிப்பு கிடையாது, சோறு கிடையாது. டீயில் பால்கூடக் கிடையாது. மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தார். சட்டை தொளதொளத்தது. மனைவி சந்தோஷப்படவில்லை, தினமும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்போது என்று காத்திருந்தாள். அவளுக்குத் தெரியாதா தன் வீட்டுக்காரரை!

ஒருநாள் கணக்குப்பிரிவு அம்மாள் ஓய்வு பெற்றார். கேன்டீனில் சின்னதாக ஒரு விருந்து. அந்த அம்மாள் தன் கையால் ஆளுக்கொரு துண்டு கேக் கொடுத்துக்கொண்டே வந்தார். மேல்வீட்டுக்காரரிடம் வந்ததும், "உங்க வீட்டுக்கு வந்த முதல் சம்பளத்தை எண்ணிக் கொடுத்தவ நான். எனக்காக ஒரு வாய்" என்றார். கண் கலங்கி நிற்கிறவரிடம் எப்படி வேண்டாம் என்பது? சாப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் வழக்கம்போல 'போச்சு'. விருந்து முடிந்து எல்லோரும் போன பிறகு மேஜையில் மீந்திருந்த கேக் முழுவதையும் தனியாக நின்று தீர்த்தார். வீட்டுக்குப் போகும்போது கையில் பேக்கரிப் பை. மனைவி பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

மறுநாள் பிராயச்சித்தம். பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு மேலே ஏறினார். காற்று கொஞ்சம் பலமாக இருந்தது. பத்து மணி வெயிலில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கப்பலிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக் கரைப்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். கேபின் நின்றது, கீழே கயிற்றில் தொங்கிய பெட்டி நிற்காமல் முன்னால் போயிற்று.

கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு இது தினசரி சமாசாரம். பெட்டி முன்னால் ஆடினால், கேபினையும் மெல்ல அது போகும் பக்கமே நகர்த்தி, அதன் தலைக்கு நேர் மேலே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஆட்டம் தானாக அடங்கிவிடும். பயந்துபோய் எதிர்ப்பக்கம் வெடுக்கென்று இழுத்தால்தான் ஆபத்து. இழுத்த வேகமும் சேர்ந்துகொண்டு பெட்டி இன்னும் பெரிதாக ஆடும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் எல்லோரும் செய்கிற தப்பு அது. மேல்வீட்டுக்காரர் அன்றைக்கு அதைச் செய்தார்.

பெட்டி இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கம் போயிற்று. மறுபடியும் எதிர்த்து இழுத்தார். ஒரு வீடு அளவு இரும்புப் பெட்டி ஊஞ்சல் ஆடியது. கீழே லாரிக்காரர்கள் நாலு பக்கமும் சிதறி ஓடினார்கள்.

"மேல்வீடு!" என்று வாக்கி டாக்கி அலறியது. "எதிர்த்து இழுக்காதய்யா! கூடப் போ! அது போற பக்கம் கூடப் போ!"

அந்தக் குரல்தான் அவரை உலுக்கியது. கையைத் தளர்த்தினார். பெட்டி போகும் பக்கம் கேபினை மெல்ல நகர்த்தினார். இரண்டு ஆட்டம், மூன்று ஆட்டம், பெட்டி கும்பிட்ட மாதிரி ஒருமுறை அசைந்து நின்றுவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 

இறங்கி வந்தவரைக் கீழ்வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போனார். பால் விட்ட டீயும் ஒரு ரொட்டியும் வாங்கி எதிரே வைத்தார்.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"ஒண்ணுமில்லை."

"ஏன்?"

"நேத்து அந்த கேக்... பாதிக்கு மேல நான்தான்."

கீழ்வீட்டுக்காரருக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஓடிய லாரிக்காரர்களில் ஒருவன் அவருடைய மச்சான். ஆனால் நண்பரின் முகத்தைப் பார்த்ததும் கோபம் எங்கோ போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்படின்னா நீ இன்னிக்குப் புதுசா ஆட்டலை. உன் வயித்தை வச்சு வருஷக்கணக்கா இதே ஆட்டம்தான் ஆடிக்கிட்டிருக்க. ஒரு துண்டு அந்தப் பக்கம் போனா, நீ பட்டினி கிடந்து இந்தப் பக்கம் இழுக்கற. அது இன்னும் வேகமா அந்தப் பக்கம் போகுது. பெட்டியா இருந்தா உன்னை என்னைக்கோ வேலையை விட்டுத் தூக்கியிருப்பாங்க."

 மேல்வீட்டுக்காரர் ரொட்டியைப் பார்த்தார். அப்புறம் அதை எடுத்து டீயில் தோய்த்துச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும், "அப்ப நேத்து சாப்பிட்டது?" என்று கேட்டார்.

"நேத்து சாப்பிட்டது நேத்தோட. இப்ப மத்தியானத்துக்கு எப்பவும்போல சாப்பிடு, போ."

கேட்பதற்கு இவ்வளவு சுலபம். செய்வது இருக்கிறதே, அது அவருக்குப் பட்டினியைவிடப் பெரிய பாடாக இருந்தது. பட்டினியில் ஒரு மிடுக்கு இருக்கிறது. கொஞ்சம் சோறு, நிறையக் காய், எப்போதாவது ஒரு பிஸ்கட் என்று சாப்பிடுவதில் என்ன பெருமை, யாரிடம் சொல்லிக்கொள்வது? 'அரைகுறை, அரைகுறை' என்று உள்ளே ஒரு குரல் இடித்துக்கொண்டே இருந்தது. ஒரு பிஸ்கட்டைத் தின்றுவிட்டு மற்றதை மடித்து டப்பாவில் வைத்த அன்று, எதையோ திருடிவிட்ட மாதிரி இருந்ததாம். இரண்டு தடவை திரும்பிப் போய் டப்பாவைத் திறந்து பார்த்தார். இரண்டாவது தடவை ஒன்று எடுக்கவும் செய்தார். ஆனால் அன்று சாப்பாட்டு வேளைக்கு எப்போதும்போல உட்கார்ந்து எப்போதும் சாப்பிடும் அளவே சாப்பிட்டார். இப்படிச் சறுக்குவதும் சமாளிப்பதுமாக மிச்ச நாட்கள் ஓடின. எடை இறங்கியது, அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி மெதுவாக இறங்கியது.

மனைவி மட்டும் எதையும் நம்பவில்லை. இத்தனை வருஷ அனுபவம் அப்படி.

பரிசோதனை நாள் வந்தது. அவர் மெஷினில் ஏறி நின்றார். டாக்டரம்மா குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ரொம்ப நல்லா குறைச்சிருக்கீங்க. ஆனா இன்னும் கொஞ்சம் இருக்கு. என்னால கையெழுத்துப் போட முடியாது. மன்னிச்சுக்குங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க, மறுபடியும் பார்ப்போம்" என்றார். 

பின்னால் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடலாம், மறைத்து வைத்து என்ன ஆகப்போகிறது? மூன்று மாதம் அந்த ஜன்னல் இல்லாத அறையில் கையுறை கொடுத்தார். அடுத்த பரிசோதனையில் தேறினார். மேலே ஏறினார், ஓய்வு பெறும் நாள் வரைக்கும் மேலேயே இருந்தார். ஆனால் இன்றைக்கும் பெஞ்சில் உட்கார்ந்து பழசைப் பேசும்போது அவர் நினைத்து நினைத்து உருகுவது திரும்ப ஏறிய நாளைப் பற்றி அல்ல, தோற்றுப்போன அன்றைய மதியத்தைப் பற்றித்தான். அப்போது அவர் திரும்ப மேலே போவாரா மாட்டாரா என்று யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தார். வழியில் அந்தப் பேக்கரி இருந்தது. வாசம் தெரு முழுக்க இருந்தது. அவர் நின்றார். ரொம்ப நேரம் நின்றதாகத்தான் சொல்கிறார். அப்புறம் பசிக்கிறது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று தோன்றியது, நடந்தார்.

வீட்டில் மனைவி லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தாள். தேறினால் சந்தோஷத்தில், தேறாவிட்டால் கோபத்தில், எப்படியும் தீனிப் புயல் நிச்சயம் என்று அவள் கணக்கு. காலையில் அவர் கிளம்பிய கையோடு சர்க்கரை டப்பா, பிஸ்கட், ரொட்டி, ஜாம், ஒன்று விடாமல் ஒரு பையில் கட்டிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். சோற்றுப் பாத்திரத்தைக்கூடக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தாள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"இல்லைன்னுட்டாங்க. கொஞ்சம்தான் கூட இருக்கு" என்றார். சொல்லும்போது உதடு கோணியது. "மூணு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க."

 அவள் அவருடைய கைகளைத்தான் பார்த்தாள். வெறுங்கை.

"பசிக்குது. சாப்பாடு எங்கே, அடுப்புல ஒண்ணையும் காணோமே?"

வேறு வழியில்லாமல் அவள் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பாத்திரத்தை இழுத்தாள். அவர் பார்த்தார், புரிந்துகொண்டார். தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தினமும் போட்டுக்கொள்ளும் அளவு சோறு, அதே அளவு காய், ஒரு முட்டை. துக்கத்தோடுதான் சாப்பிட்டார், நடுவில் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் பாத்திரத்தின் பக்கம் கை போகவில்லை. எழுந்து தட்டைக் கழுவி வைத்தார்.

"போதுமாங்க?" என்றாள் அவள்.

"போதும்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பரிசோதனைக்காக அழுகிறாள் என்று நினைத்து அவர் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழாதம்மா. மூணு மாசம்தானே, எப்படியாவது மேலே போயிடுவேன்."

"நீங்க மேலே போங்க, போகாம இருங்க, எனக்கு அதைப் பத்திக் கவலையே இல்லை" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஒவ்வொரு தடவையும் ஒண்ணு தப்பாப் போனா உங்களையே நீங்க தண்டிச்சுக்குவீங்க. கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கிட்டிருந்தவ நான். சொன்னா கேப்பீங்களா? இன்னிக்கும் அப்படித்தான் வருவீங்கன்னு காலையில இருந்து ஒரு வாய் தண்ணி இறங்கலை எனக்கு."

 இத்தனை வருஷமும் அவர் தான் மட்டும்தான் பட்டினி கிடந்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு தட்டை எடுத்து அவளுக்குச் சோறு போட்டுக் கொடுத்தார். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

கை கழுவிக்கொண்டு வந்தவள் முகத்தைத் துடைத்தாள், அடுப்பைப் பற்றவைத்தாள்.

"எனக்கு டீ வேணும். பக்கத்து வீட்டுல ஒரு பை கொடுத்து வச்சிருக்கேன். சர்க்கரை, பிஸ்கட், எல்லாம் அதுலதான் இருக்கு. நீங்களே போய் வாங்கிட்டு வாங்க" என்றாள்.